வாசக்டமிக்குப் பிறகு மீண்டும் ஒரு குழந்தை: இணைப்பு அறுவை சிகிச்சையைப் புரிந்துகொள்ளுதல்

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில், இந்தச் சிகிச்சை நடைமுறையில் நிரந்தரமானது என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். கையெழுத்துப் போடுகிற ஆண் அதைப் படித்துவிட்டுத்தான் போடுகிறார், அல்லது யாராவது படித்துக் காட்டுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி போதும் என்று நினைக்கிற நேரத்தில் அந்த வரி ஆறுதலாகவே இருக்கும். எட்டு வருடமோ பன்னிரண்டு வருடமோ கழித்துத்தான் சிலருக்கு அது உறுத்தத் தொடங்குகிறது.

வெட்டிய விந்துநாளத்தைத் திரும்ப இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு யூராலஜி டாக்டரிடம் வருகிறவர்கள் யார்? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. மனைவி இறந்தோ விவாகரத்தாகியோ மறுமணம் செய்துகொண்டவர்கள் உண்டு. மேலைநாடுகளில் இவர்களே அதிகம். கையில் கொஞ்சம் வசதி வந்த பிறகு இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படுகிற தம்பதிகளும் வருகிறார்கள். குழந்தைக்காக அல்லாமல் வலிக்காக வருகிற சிறு கூட்டமும் இருக்கிறது. வாசக்டமி செய்துகொண்ட நூறு பேரில் ஒருவர் இருவருக்கு விரையில் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி தங்கிவிடுகிறது. மற்ற வைத்தியங்கள் பலிக்காதபோது நாளத்தை மறுபடி திறந்துவிடுவது அதற்கு ஒரு வழி.

தமிழ்நாட்டில், வெட்டியதை மறுபடி இணைக்கும் 'ரீகேனலைசேஷன்' என்ற பேச்சு ஊர் முழுக்க அடிபட்டது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 அன்று பிள்ளைகளை இழந்த பெற்றோரில் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு இலவச இணைப்பு அறுவை சிகிச்சையை மாநில அரசு அறிவித்தது. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு 25,000 ரூபாய் உதவி என்றும் சொன்னது. நாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களிலிருந்து அதற்காகப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். இணைக்கப்பட்டவை அவர்களுடைய கருக்குழாய்கள்.

அதில் வியப்பில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி செய்யப்பட்டது. நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், நாடு முழுவதும் 60 லட்சத்தைத் தாண்டியது. அதில் எத்தனை பேர் மனதார வந்தார்கள் என்பது வேறு கதை. அந்தக் கசப்புக்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள்.

நோயாளிக்கு இதனால் ஒரு நேரடி விளைவு உண்டு. வாசக்டமி குறைந்தால் அதைத் திருப்பிப் போடும் தேவையும் குறையும். தேவை குறைந்த இடத்தில் கைப்பழக்கம் உள்ள மருத்துவர்களும் குறைவாகவே இருப்பார்கள். "யூராலஜிஸ்ட் என்றால் யாராயிருந்தால் என்ன" என்று இந்த விஷயத்தில் இருந்துவிட முடியாது.

உள்ளே என்ன நடந்திருக்கிறது?

வாசக்டமியில் விரை வெட்டப்படுவதில்லை. விரையிலிருந்து விந்தணுவை மேலே கொண்டுபோகும் விந்துநாளத்தை, வலம் இடம் இரண்டு பக்கமும், சிறிது வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். ஆண் ஹார்மோன் வழக்கம்போல் ரத்தத்தில் கலக்கிறது. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி செமினல் பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் உண்டாவதால், வெளியேறும் அளவிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. விரை பாட்டுக்கு விந்தணுவை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். போக வழியில்லாத அணுக்கள் உடைந்து உடம்பிலேயே உறிஞ்சப்படுகின்றன.

வெட்டிய இடத்தை ஒட்டினால் போதும் என்று தோன்றுவது இதனால்தான். சில ஆண்டுகளுக்கு உட்பட்ட வாசக்டமியில் பெரும்பாலும் அது உண்மையும்கூட. வருடங்கள் ஏற ஏறச் சிக்கல் கீழே இறங்குகிறது. விரையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்பது சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழலைச் சுருட்டி வைத்த உறுப்பு. விந்தணு முதிர்ந்து நீந்தக் கற்றுக்கொள்வது அங்கேதான். மேலே அடைத்திருப்பதால் இந்த மெல்லிய குழலில் அழுத்தம் கூடுகிறது. எங்காவது ஓரிடத்தில் விண்டுபோகிறது. விண்ட இடம் தழும்பாகி மூடிக்கொள்கிறது. இப்போது அடைப்பு இரண்டு. மேலே உள்ள வெட்டை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் கீழே உள்ள அடைப்பைத் தாண்டி விந்தணு வராது.

வெட்டிய முனையில் விந்தணு கசிந்து சிறு முடிச்சாகத் திரண்டிருந்தால் அது நல்ல அறிகுறி என்கிறார்கள் அறுவை மருத்துவர்கள். அந்தக் கசிவு அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து எபிடிடிமிஸைக் காப்பாற்றியிருக்கலாம். விரைப்பக்கம் மிஞ்சியிருக்கும் நாளத்துண்டு நீளமாக இருப்பதும் அதேபோல் சாதகம். இரண்டையும் அனுபவமுள்ள கை தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடும். வாசக்டமி செய்த பலரின் உடம்பில் தங்கள் விந்தணுவுக்கே எதிரான எதிர்ப்புப் பொருள் உண்டாகும் என்பதும் உண்மைதான். ஆனால் அது இருந்தும் தந்தையாகிறவர்கள் ஏராளம் என்பதால், அறுவைக்கு முன் அந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பதில் பெரிய பலன் இல்லை.

நுண்ணோக்கி வந்த பிறகு

வெட்டிய நாளத்தை இணைக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவுக்கும் அதில் பங்குண்டு. மும்பையின் ஜி.எம். ஃபட்கேயும் ஏ.ஜி. ஃபட்கேயும் தங்கள் அனுபவத்தை 1967-இலேயே அமெரிக்க யூராலஜி இதழில் கட்டுரையாக எழுதினார்கள். அந்தத் தலைமுறையின் கைத்திறனுக்கு எல்லை போட்டது கண்பார்வை.

விந்துநாளம் வெளியிலிருந்து பார்த்தால் பேனா ரீஃபில் பருமன் இருக்கும், 2 முதல் 3 மில்லிமீட்டர். சுவர் தடித்தது என்பதால் உள்துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறும் கண்ணால் தைத்தால் சுவர் சேரும். துளையோடு துளை பொருந்தியதா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 1970-களில் அமெரிக்காவின் ஷெர்மன் சில்பர், ஆஸ்திரேலியாவின் ஏர்ல் ஓவன் போன்றவர்கள் அறுவை நுண்ணோக்கியை இதற்குள் கொண்டுவந்தார்கள். எலிக்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்து பழகிய சில்பர், அந்த நுட்பத்தை விந்துநாளத்துக்கு மாற்றினார். பத்து முதல் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் உள்வரிசை ஒன்று, வெளிவரிசை ஒன்று என்று தைக்கும் முறை அப்படித்தான் நிலைத்தது. இன்றும் அடிப்படை அதுதான். ரோபோ வந்திருக்கிறது; நல்ல நுண்ணோக்கியும் பழகிய கையும் தருவதைவிடப் பெரிதாக எதையும் அது தந்துவிடவில்லை. விளம்பரத்தில் ரோபோ என்ற சொல்லைப் பார்த்துக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அறுவை முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ நடக்கும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். விரைப்பையில் சிறு கீறல் போட்டு, தழும்பு மூடிய முனைகளை வெட்டி நீக்கியதும், விரைப்பக்க முனையிலிருந்து ஒரு சொட்டுத் திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். முழு அறுவையின் திசையும் அந்தச் சொட்டில்தான் இருக்கிறது. விந்தணு தெரிந்தாலோ, தெரியாவிட்டாலும் திரவம் தெளிவாகத் தாராளமாக வந்தாலோ, நாளத்தை நாளத்தோடு தைக்கலாம், இது வாசோவாசோஸ்டமி. திரவம் கெட்டியாகக் குழைந்து, அணுவே இல்லாமல் இருந்தால் கீழே இரண்டாவது அடைப்பு விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது நாளத்தை நேரே எபிடிடிமிஸ் குழலோடு, அடைப்புக்குக் கீழே, இணைக்க வேண்டும், இது வாசோஎபிடிடிமோஸ்டமி. அந்தக் குழலின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். யூராலஜியில் மிகக் கடினமான நுண்தையல் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். இதில் வழி திறப்பது பாதிப் பேர் முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரைதான்.

எந்த வகை தேவைப்படும் என்று அறுவைக்கு முன்பே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே முதல் வகை மட்டும் தெரிந்த மருத்துவர் மேசையில் இருந்தால், கெட்டித் திரவத்தைப் பார்த்த பிறகும் அவர் மேல்வெட்டையே தைத்து மூடுவார். தையல் சரியாக இருக்கும், விந்தணு மட்டும் வராது. "எபிடிடிமிஸில் இணைக்க வேண்டி வந்தால் நீங்களே செய்வீர்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பார்.

இரண்டு சதவீதங்கள்

இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்து 1991-இல் வெளிவந்தது. 1,469 ஆண்கள், எல்லோருக்கும் நுண்ணோக்கி வழி அறுவை. வாசக்டமி செய்து மூன்று வருடத்துக்குள் வந்தவர்களில் 97 சதவீதத்தினரின் விந்தில் அணுக்கள் திரும்பின. குழந்தை தங்கியது 76 சதவீதத்தினருக்கு. மூன்று முதல் எட்டு வருடம் என்றால் 88-உம் 53-உம். ஒன்பது முதல் பதினான்கு வருடத்தில் 79-உம் 44-உம். பதினைந்து வருடத்தைத் தாண்டியவர்களில் 71 சதவீதத்தினருக்கு அணுக்கள் வந்தன. கரு உண்டானது 30 சதவீதத்தினருக்குத்தான்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். முதல் எண், வழி திறந்ததா என்பது. இரண்டாவது, வீட்டுக்குக் குழந்தை வருமா என்பது. "95 சதவீத வெற்றி" என்று மருத்துவமனைப் பலகையில் எழுதியிருந்தால் அது அநேகமாக முதல் எண்ணாகத்தான் இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் பணம் கட்டுகிற தம்பதி கேட்க வந்தது அதுவல்ல. எந்த வெற்றி, எத்தனை வருட இடைவெளியில், யார் கையில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சதவீதத்துக்கு மதிப்பு.

இடைவெளி வளர்வதற்கு ஒரு காரணம் எபிடிடிமிஸ். இன்னொன்று, பலரும் மறந்துவிடுகிற மனைவியின் வயது. ஒரு கணக்குக்காக, 32 வயதில் வாசக்டமி செய்த ஒருவர் 44 வயதில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 38. அறுவைக்குப் பின் விந்தணு திரும்பச் சில மாதங்கள். எபிடிடிமிஸில் இணைத்திருந்தால் ஒரு வருடம்கூட ஆகலாம். பிறகு இயற்கையாகக் கரு தங்கச் சராசரியாக இன்னும் பல மாதங்கள். அறுவை முழு வெற்றி என்றே வைத்தாலும், கரு தங்க வேண்டிய நேரத்தில் மனைவி நாற்பதைத் தொட்டிருப்பார். கணவரின் நாளத்தில் உள்ள அடைப்பைவிடப் பெரிய தடை அதுவாக இருக்கலாம்.

ஆகவே பரிசோதனையை மனைவியிடமிருந்து தொடங்குவதே சரி. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை, கருப்பை ஸ்கேன், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற சோதனை. இவற்றில் பெரிய குறை தெரிந்தால் கணவருக்குக் கத்தி வைப்பதில் அர்த்தமில்லை. கணவருக்குக் குழந்தை பிறந்த வரலாறு ஏற்கெனவே இருப்பதால் அவர் பக்கச் சோதனை சுருக்கமானது. விரை சிறுத்திருந்தால் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் பார்ப்பார்கள். குடலிறக்கத்துக்கோ விரைவீக்கத்துக்கோ முன்பு ஆபரேஷன் செய்திருந்தால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அங்கேயும் நாளம் அடிபட்டிருக்கலாம். அப்படியானால் அது தனி அடைப்பு. முன்பு குழந்தை பெற்ற அதே மனைவியோடு முயல்கிறவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. இருவரும் கருத்தரிக்கக்கூடியவர்கள் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயமாயிற்றே.

அறுக்காமலும் ஒரு வழி

1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் குழு இக்ஸி முறையை அறிவித்த பிறகு, நாளத்தை இணைப்பது ஒன்றே வழி என்ற நிலை மாறியது. எபிடிடிமிஸிலோ விரையிலோ ஊசி வைத்து விந்தணுவை உறிஞ்சி எடுத்து, ஒரு முட்டைக்குள் ஒரு அணுவைச் செலுத்தி, உருவான கருவைக் கருப்பையில் வைக்கிறார்கள். வாசக்டமி செய்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பெரும்பாலும் விந்தணு கிடைத்துவிடும். கணவருக்கு அரை மணி நேர வேலை. பாரமெல்லாம் மனைவிமீது விழுகிறது: பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, அடிக்கடி ஸ்கேன், மயக்கத்தில் முட்டை எடுப்பு, சூலகம் வீங்கும் அபாயம், ஒன்றுக்கு மேற்பட்ட கரு வைத்தால் இரட்டைக் கர்ப்பம். ஒரு முறை பலிக்காவிட்டால் மறுபடியும் அத்தனையும், அதே செலவோடு. 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் மனைவிக்கு 50, கணவருக்கு 55 என்று வயது உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

இணைப்பு அறுவை ஒரு முறைச் செலவு. அது பலித்தால் அடுத்த குழந்தைக்கும் அதே வழி போதும். பலித்த பிறகு கருத்தடைக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மனைவிக்கு 35-க்குக் கீழ், வாசக்டமிக்குப் பத்து வருடத்துக்குள் என்றால் இணைப்பையே முதலில் பார்ப்பது நியாயம். மனைவியின் வயது 38-ஐத் தாண்டியிருந்தாலோ முட்டை இருப்பு குறைந்திருந்தாலோ இக்ஸிக்கு நேரே போவது காலத்தை மிச்சப்படுத்தும். நடுவே உள்ளவர்கள் இரண்டு மருத்துவரையும், அதாவது யூராலஜிஸ்டையும் கருத்தரிப்பு மருத்துவரையும், பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஒருவரை மட்டும் பார்த்தால் அவரவர் கையில் இருக்கும் வைத்தியத்தையே சொல்லி அனுப்புவார்கள். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

காப்பீட்டை நம்பிக் கிளம்புவதும் வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குப் பட்டியலில் 17-ஆம் எண்ணில் இந்த அறுவையும் இக்ஸியும் சேர்ந்தே நிற்கின்றன. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழியப் பணம் வராது.

அறுவைக்குப் பின்

பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், சில வாரங்களுக்கு விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை. மூன்று நான்கு வாரம் பாரம் தூக்குவதும் பைக் ஓட்டுவதும் வேண்டாம். தாம்பத்தியமும் மருத்துவர் சொல்லும் வரை, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், தள்ளிப்போட வேண்டும். மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், வயலில் இறங்குகிறவர் வருமானம் இல்லாத அந்த ஒரு மாதத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. ரத்தக்கட்டு, சீழ், நீடிக்கும் வலி ஆகியவை எப்போதாவது வரும். விரை சுருங்கிப்போவது மிக அரிது. வீக்கம் திடீரென்று பெருத்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

முதல் விந்துப் பரிசோதனை ஆறு வாரம் வாக்கில். அதில் அணுவே இல்லை என்று வந்தால் பலர் அன்றைக்கே மனம் உடைந்துபோகிறார்கள். ஒரு விந்தணு உருவாகி முடியவே இரண்டரை மாதம் ஆகும். நாளத்தோடு நாளம் இணைத்தவர்களுக்கு ஆறு மாதம் வரை, எபிடிடிமிஸில் இணைத்தவர்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வர வேண்டும். மாறாக, வந்த அணு பிறகு குறைந்து நின்றுபோவதும் உண்டு. உள்ளே தழும்பு வளர்ந்து மூடிக்கொள்வதுதான் காரணம். அறுவை நடக்கும்போதே கிடைக்கும் விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைக்க முடியுமா என்று கேட்டு வைத்திருந்தால், அப்படியொரு நாளில் இக்ஸிக்கு அது கைகொடுக்கும்.

இதெல்லாம் தேவைப்படாத, வேண்டும்போது திறந்துவிடக்கூடிய ஆண் கருத்தடைக்காகக் காத்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. காரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுஜோய் குஹா உருவாக்கிய ரிசக் ஊசி அப்படிப்பட்ட நோக்கத்தோடு வந்ததுதான். 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2023-இல் வெளிவந்து, கரு தங்காமல் தடுப்பதில் அது 99 சதவீதம் பலிப்பதாகக் காட்டின. திரும்பத் திறப்பது விலங்குகளில் நடந்திருக்கிறது. மனிதர்களில் இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே இன்றைக்கு வாசக்டமி செய்துகொள்ள நினைப்பவர், பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மனதின் மூலையில் இருந்தால்கூடச் செய்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

ஏற்கெனவே செய்துகொண்டு இப்போது மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், வாசக்டமி நடந்த தேதி உள்ள பழைய சான்றிதழையோ டிஸ்சார்ஜ் அட்டையையோ தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் ஏ.எம்.ஹெச். முடிவை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முதல் சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், இருவரும் போங்கள்.